ஒரு சொல் மட்டும் பச்சை

"நீரே எழுதிக்கொண்டு வாரும்,
நான் ஒப்பம் வைக்கிறன்" என்றார் அருமைத்துரை சேர்.
தொலைபேசியில் அவருக்குப் பின்னால்
கிறைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே இரவு பத்தரைக்கு, கொக்குவிலில்,
நான் அறுபத்துமூன்று வயது ஆணாகிறேன்.
தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.
'நிறோஜினியை எனக்கு ஏழு வருடமாகத் தெரியும்.'
பொய்யில்லை.
மூன்றாம் வருடம்வரை அவருக்கு நான் நிறஞ்சினி,
அவ்வளவுதான்.

சேருக்கு வந்த இணைப்பையும் சேர் எனக்கே அனுப்பிவிட்டார்.
அதில் ஒரு கட்டம் கேட்கிறது:
இவர் முதல் இரண்டு வீதத்திலா, ஐந்திலா, பத்திலா?
திருநெல்வேலிச் சந்தையில் வெங்காயம் தரம்பிரிக்கிற மாதிரி.
பத்தில் வைத்தேன்.
பிறகு, சேர் தாராளமான மனிசன் என்பது நினைவு வந்து
ஐந்தாக்கினேன்.

நோக்க அறிக்கை வேறொரு கோப்பில் கிடக்கிறது.
ஆயிரம் சொல். பதினோராவது வரைவு.
சோபிதா வாசித்துவிட்டுச் சொன்னாள்:
"முதல் பந்தியிலை ஷெல்லடியைப் போடு.
பங்கருக்குள்ளை இருந்தனீதானே.
உவங்கள் அதுக்குத்தான் காசு குடுப்பாங்கள்."
இருந்தேன்தான். போட்டேன்.
வடிவாகத்தான் வந்தது, அதுதான் பிரச்சினை.
பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு
இவ்வளவு நல்ல வசனங்கள் தெரியாது.
எடுத்துவிட்டேன்.

எனக்கு வேண்டியது ஒரு சின்ன விஷயம்.
காணிப் பதிவகத்தில் தற்காலிக வேலை பார்த்த இரண்டு வருடம்
உறுதி உறுதியாக வாசித்தேன்:
'இதிலடங்கிய வீடு, வான்பயிர், செய்பயிர்,
கிணற்றில் எட்டிலொரு பங்கு,
தண்ணீர் அள்ளப் போய்வரும் வழிவாய்க்கால்.'
வானம் வளர்த்ததற்கு ஒரு சொல்,
கை வளர்த்ததற்கு இன்னொன்று,
யார் முதலில் இப்படிப் பிரித்தது?
ஒரு கிணற்றை எட்டாக வெட்டி
ஒரு சொட்டும் சிந்தாமல் மகளுக்கு எழுதிவைத்த
நொத்தாரிசு எந்த இலக்கணம் படித்தார்?

அம்மா கேட்கிறா:
"உதுக்கே கனடாவுக்குப் போறாய்?
கச்சேரி கிட்டத்தானே கிடக்கு."
நியாயம்தான்.

விண்ணப்பக் கட்டணம் நூற்றிருபது டொலர்.
ஸ்காபரோவில் கபிலன் மச்சான் கட்டிவிட்டு
குரல்செய்தி அனுப்பினான்:
"சரித்திரம் படிச்சு முடிச்சிட்டு வா,
ரெண்டு பேருமாப் பீட்சா கொண்டுபோய்க் குடுப்பம்."
சிரிப்பு. சிரிப்புக்குப் பின்னால் கார் வைப்பரின் சத்தம்.
மழையோ பனியோ.

பன்னிரண்டரை. சேர் இன்னும் கடிதத்தை முடிக்கவில்லை.
தன்னைப் புகழப் பழகாத கை
தனக்குப் பழகியதை எழுதத் தொடங்குகிறது:
நிறோஜினி என்னும் பேருடையது,
சற்றேறக்குறைய முப்பத்தொரு வயது.
கிழக்கெல்லை ரியூசன் கொட்டிலின் தகரம்.
வடக்கெல்லை மூன்று வீட்டிலிருந்து திரும்பிவந்த சாதகக்குறிப்பு.
மேற்கெல்லை டிசெம்பர் பதினைந்து, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
தெற்கு...
தெற்குக்கு ஒன்றும் வரவில்லை.
ஓரெல்லை குறைந்தால் உறுதி செல்லாது.
அழித்தேன்.
'விடாமுயற்சி உடையவர்' என்று கடைசி வரியில் போட்டு
மடிக்கணினியை மூடினேன்.

காலையில் சேர் படலையடியிலேயே நின்று வாசித்தார்.
வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை.
சாரத்தோடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி,
தாளை மூக்குக்குக் கிட்டப் பிடித்து.
கடைசி வரியில் நின்றார்.
விடாமுயற்சியைப் பச்சைப் பேனையால் வெட்டி
மேலே பிடிவாதம் என்று எழுதினார்,
அவர்களுடைய பாஷையில், கோணல் எழுத்தில்.
"திருப்பி அடிச்சுக்கொண்டு வரட்டோ, சேர்?"
"வேண்டாம். நான் வாசிச்சனான் எண்டு தெரியட்டும்."

பரமேஸ்வராச் சந்தியில்
போட்டோக்கொப்பிக் கடைப் பொடியன் கேட்டான்:
"ஸ்கான் கலரோ அக்கா, கறுப்பு வெள்ளையோ?
கலர் எண்டால் முப்பது ரூபா கூட."

முழுத் தாளிலும் ஒரு சொல்தான் பச்சை.

"கலர்" என்றேன்.